கீமோவுக்குப் போகிறவருக்கு ஹீலிங் கிரிஸ்டல் கொடுக்கலாமா?

கேள்வி இதுதான்: சித்திக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது, அடுத்து கீமோ. கேட்டவர் வெளியூரில் வேலை பார்க்கிறார், இப்போதைக்கு லீவு கிடைக்காது. செவ்வந்திக்கல்லும் ரோஸ் குவார்ட்ஸும் கோத்த ஹீலிங் கிரிஸ்டல் பிரேஸ்லெட் ஒன்றை ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறார். அண்ணனோ, "இவ்வளவு படிச்சும் உனக்கு எதுக்கு இந்த மூடநம்பிக்கை?" என்கிறாராம். அனுப்பலாமா, வேண்டாமா?

அனுப்புங்கள். ஆனால் பிரேஸ்லெட்டாக வேண்டாம். "இதைப் போட்டுக்கொண்டால் குணமாகிவிடும்" என்ற வார்த்தையும் கூடவே போக வேண்டாம். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன். நான் கீமோ டே-கேரில் வேலை செய்யும் செவிலியர். அப்பா திருச்சியில் கல்லுக்குப் பட்டை தீட்டியவர். அதனால் கல்லையும் தெரியும், அதை நோயாளியின் கையில் வைத்துவிட்டுப் போகும் சொந்தக்காரர்களையும் தெரியும்.

முதலில் கல். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் இரண்டுமே குவார்ட்ஸ்தான். கோயிலில் ஸ்படிகம் என்கிறோமே, அதே குடும்பம். மணலில் இருக்கும் அதே சிலிக்கா, ஒழுங்காக அடுக்கப்பட்டுப் படிகமாக வளர்ந்தது. அதில் துளி இரும்பு கலந்து, பூமிக்குள்ளிருந்து வரும் இயற்கைக் கதிர்வீச்சும் பட்டால் ஊதா நிறம் வரும். அதுதான் செவ்வந்திக்கல். அதே கல்லைச் சூளையில் சுட்டால் மஞ்சளாகிவிடும். கடைகளில் சிட்ரின் என்று விற்பதில் பெரும்பகுதி இப்படிச் சுட்ட செவ்வந்திக்கல்தான். ஊதா மனதை அமைதிப்படுத்தும், மஞ்சள் உற்சாகம் தரும் என்று அட்டையில் அச்சடித்திருப்பார்கள். அப்படியானால் அமைதியை உற்சாகமாக மாற்றியது சூளையா என்று அப்பா கேட்பார்.

"கிரிஸ்டலில் மின்சாரம் இருக்கிறது, வாட்ச்சே அதில்தானே ஓடுகிறது" என்று ஒரு வாதம் வரும். பாதி உண்மை. குவார்ட்ஸை அழுத்தினால் மின்னூட்டம் பிறக்கும் என்று 1880-இல் பியரி கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் கண்டுபிடித்தார்கள். கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் துண்டு, பேட்டரி மின்சாரம் கொடுத்தால் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஆனால் உள்ளங்கையில் சும்மா கிடக்கும் கல்லுக்குப் பேட்டரியும் இல்லை, சர்க்யூட்டும் இல்லை. அது உடம்புக்குள் போய்ச் செல்களைச் சரிசெய்ய வழியே கிடையாது. அதே பியரி கியூரிதான் பிறகு மனைவி மேரியோடு சேர்ந்து 1898-இல் ரேடியத்தைக் கண்டறிந்தார். புற்றுநோயாளிகளுக்குப் பயன்பட்டது அந்தக் கண்டுபிடிப்புதான்.

கிரிஸ்டலைப் பிடித்தால் கை குறுகுறுக்கிறது, உடம்பில் இதமாக ஏதோ பரவுகிறது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் உளவியலாளர் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்ச் 2001-இல் ஒரு சோதனையின் முடிவைச் சொன்னார். 80 பேரிடம் கல்லைக் கொடுத்து ஐந்து நிமிடம் தியானம் செய்யச் சொன்னார்கள். சிலர் கையில் நிஜக் குவார்ட்ஸ், சிலர் கையில் போலி. என்னென்ன உணர்வு வரலாம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களுக்கு அது கூடுதலாக வந்தது. நிஜக் கல்லா போலியா என்பதால் வித்தியாசமே இல்லை. ஆக, உணர்வு உண்மை, அது கல்லிலிருந்து வரவில்லை. அண்ணன் சரியாகச் சொல்வது இந்த இடம் வரைக்கும்தான்.

இனி அவர் பார்க்காத பக்கம். கீமோ நாற்காலியில் மூன்று, நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் ஊசி நரம்பில் ஏறவில்லை என்றால் இரண்டாவது குத்துவோம். சிவப்பு மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பார். அட்டெண்டராக வந்தவர் பில் கட்டவோ மருந்து வாங்கவோ போயிருப்பார். அந்த நேரத்தில் மனிதருக்குக் கையில் எதையாவது பிடித்துக்கொள்ளத் தோன்றும். புடவை முந்தானையைச் சுருட்டுவார்கள், ஜெபமாலையை உருட்டுவார்கள், பேரன் போட்டோ இருக்கும் செல்போனை இறுக்கிப் பிடித்திருப்பார்கள். தலையணைக்கடியில் விபூதிப் பொட்டலம், வேளாங்கண்ணி எண்ணெய், நாகூர் தாயத்து மூன்றும் ஒன்றாகக் கிடக்கும். வைத்தவர்கள் மூன்று வெவ்வேறு அக்கம்பக்கத்தார், நோயாளி எந்த மதம் என்பது அங்கே கணக்கே இல்லை. எந்தச் செவிலியரும் அதை எடுத்துப் போடச் சொல்வதில்லை. ஊசி குத்தும் இடத்தில் படாமல் இருந்தால் போதும்.

கல் இந்த வேலைக்குத் தோதான பொருள். கனமாக இருக்கும், வழவழப்பாக இருக்கும், தொட்டதும் சில்லென்று இருக்கும். ஸ்படிக மாலை உடம்புக்குக் குளிர்ச்சி என்று நம் ஊரில் சொல்வது இதனால்தான். குவார்ட்ஸ் கண்ணாடியைவிடப் பல மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும், கையின் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். நொய்யல் கரையில் கொடுமணலில் 2,000 ஆண்டுகளுக்கும் முன்பே குவார்ட்ஸிலும் பச்சைக்கல்லிலும் மணி செய்து துளையிட்டிருக்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் வல்லத்துக் கல்லில் மூக்குக் கண்ணாடி செய்து, கண்ணுக்குக் குளிர்ச்சி என்று விற்றார்கள். ராமேஸ்வரத்தில் விடியற்காலை ஸ்படிக லிங்க தரிசனத்துக்கு இன்றும் வரிசை நிற்கிறது. கல்லைத் தொட்டால் ஆறுதல் என்பது நமக்குப் புதிதில்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சக்கரம், ஒரு நோய் என்று அட்டவணை போட்டு விற்பதுதான் மேற்கே சில பத்தாண்டுகளுக்கு முன் கிளம்பி இங்கே வந்த சரக்கு. ராசிக்கல் கணக்கு வேறு, அதைப் பற்றி இங்கே பேசவில்லை.

உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். கல்லால் கெடுதல் வருவது அபூர்வம், அதோடு போகும் பேச்சால்தான் வரும். "நம்பிக்கையோடு போட்டுக்கோங்க சித்தி, பாசிட்டிவா இருந்தா எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிக் கொடுத்தால், குணமாக வேண்டிய பொறுப்பை அவர் தலையில் வைக்கிறீர்கள். அடுத்த ஸ்கேன் நல்லபடியாக வந்தால் புகழ் கல்லுக்கு. மோசமாக வந்தால்? "நான்தான் சரியா நம்பலை போல", "அழுதிருக்கக் கூடாது" என்று தன்னையே குறை சொல்லிக்கொள்ளும் பெண்களை நான் பார்க்கிறேன். வலிக்குமேல் இது ஒரு வலி. அதற்கு அவசியமும் இல்லை. தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த 1,093 பேரின் மனநிலையைப் பதிவு செய்து, அமெரிக்காவில் ஜேம்ஸ் காய்ன் என்பவரும் குழுவும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மனம் தெம்பாக இருந்தவர்கள் அதனால் கூடுதல் காலம் வாழவில்லை, சோர்ந்திருந்தவர்கள் அதனால் சீக்கிரம் சாகவும் இல்லை. இதை நான் நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். சித்தி அழலாம், பயப்படலாம், கடவுளைத் திட்டலாம். அதனால் கட்டி வளராது.

அதனால் கல்லோடு ஒரு சீட்டு வையுங்கள், உங்கள் கையெழுத்தில். "சித்தி, இது நோயைக் குணமாக்கும்னு அனுப்பலை. அதுக்கு டாக்டர் இருக்காங்க. நான் பக்கத்துல இல்லாதப்போ கையில பிடிச்சுக்க ஏதாவது இருக்கட்டும்னு அனுப்பறேன். பிடிக்கலைன்னா பீரோல போட்டுடுங்க." இந்த மாதிரி நாலு வரி போதும். பிடிக்கவில்லை என்றால் ஒதுக்கிவைக்கலாம் என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நோயாளிக்கு வரும் எல்லாப் பரிசும் நன்றி சொல்ல வேண்டிய கடமையோடுதான் வருகிறது.

சரி, பிரேஸ்லெட் ஏன் வேண்டாம் என்கிறேன்? சித்திக்கு அறுவை சிகிச்சையில் அக்குள் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்திருப்பார்கள் என்றால், அந்தப் பக்கத்துக் கை வீங்கும் வாய்ப்பு ஆயுள் முழுக்க உண்டு. இறுக்கமான வளையல், எலாஸ்டிக் எதுவும் அந்தக் கையில் கூடாது. பிபி பார்ப்பதையும் ஊசி போடுவதையும்கூட அந்தக் கையில் தவிர்ப்போம். அப்படியானால் வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் குழாய் ஊசி) குத்துவது, ரத்தம் எடுப்பது, பிபி பட்டை சுற்றுவது எல்லாம் மிச்சமிருக்கும் கையில்தான். பிரேஸ்லெட் போட மணிக்கட்டே இல்லை! ஸ்கேனுக்குப் போகும்போதெல்லாம் கழற்றவும் வேண்டும், அதில் உலோகக் கொக்கியோ காந்த மணியோ இருந்தால் எம்ஆர்ஐ அறைக்குள் விடவே மாட்டார்கள். கோக்காத ஒற்றைக் கல்லாக, புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக, நன்றாக மெருகேற்றியதாக வாங்குங்கள். விலையும் குறைவு.

கூர்முனை நீட்டிக்கொண்டிருக்கும் கிரிஸ்டல் கொத்து அழகாக இருக்கும், வேண்டாம். கீமோ கொடுத்து ஒன்று, இரண்டு வாரத்தில் ரத்த அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது சின்னக் கீறலும் தொந்தரவு. இடுக்குகளில் அழுக்கும் சேரும். வழவழ கல் என்றால் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிடலாம். கல்லைச் "சுத்திகரிக்க" இலைகளைக் கொளுத்திப் புகை காட்டச் சொல்லி ஒரு காகிதம் பெட்டியில் வரும், அதைக் கிழித்துப் போடுங்கள். கீமோவில் இருப்பவருக்குத் தாளிக்கும் வாசனையே குமட்டும், சாம்பிராணியைச் சொல்லவே வேண்டாம். வெயிலில் வைத்துச் சக்தி ஏற்றச் சொன்னாலும் கேட்காதீர்கள். செவ்வந்திக்கல் கடும் வெயிலில் நிறம் மங்கும்.

மார்பகப் புற்றுக்குக் கொடுக்கும் பாக்ளிடாக்ஸெல் மருந்து சிலருக்கு விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்யும். ஊக்கு மாட்டக்கூட வராது, சின்னப் பொருள்கள் நழுவும். அந்தக் கட்டத்தில் உருண்டைக் கல் கட்டிலுக்கடியில் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் தட்டையாக, கட்டைவிரல் பதியும்படி இருப்பது மேல். இதை வாசிக்கும் வேறு யாராவது குடல் அல்லது வயிற்றுப் புற்றுநோய் வந்தவருக்கு வாங்க நினைத்தால் முதலில் மருந்தின் பெயரைக் கேளுங்கள். ஆக்ஸாலிபிளாட்டின் என்றால், ஏற்றிய சில நாட்களுக்குக் குளிர்ந்த பொருளைத் தொட்டாலே விரலில் ஊசி குத்துவதுபோல் இழுக்கும். அவர்களுக்குக் கல்லே தப்பான பரிசு. மரத்தில் கடைந்த உருண்டையோ துணியில் தைத்ததோ கொடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கல்லைத் தண்ணீரில் ஊறவைத்துக் குடிப்பது. குவார்ட்ஸ் கரையாது, அது போகட்டும். ஆனால் பச்சை மாலகைட்டில் இருப்பது செம்பு, பளபளக்கும் கலீனாவில் ஈயம், சிவப்புச் சின்னபாரில் பாதரசம். எது எது என்று பெயர் தெரியாமல் கலவைப் பையாக வாங்கிவிட்டு, "கிரிஸ்டல் வாட்டர்" என்று ஜாடியில் போட்டுக் குடித்தால் ஏற்கெனவே மருந்தைச் சமாளித்துக்கொண்டிருக்கும் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கூடுதல் சுமை. கல்லைப் பொடித்து, பஸ்பம் என்று யாராவது கொடுத்தாலும் டாக்டரிடம் காட்டாமல் வாயில் வைக்கக் கூடாது.

இதற்கும் மேலே ஒரு கோடு இருக்கிறது. கிரிஸ்டல் விற்பவர்களில் பலர் கல்லோடு நிறுத்திக்கொள்வார்கள். சிலர் அடுத்து ஹீலிங் செஷன் என்பார்கள், அப்புறம் டயட் என்பார்கள், அப்புறம் "கீமோ விஷம், அதை நிறுத்தினால்தான் கல் வேலை செய்யும்" என்பார்கள். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்த புற்றுநோய்க்கு வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று வழியை மட்டும் பிடித்தவர்களுக்கு இறக்கும் அபாயம் மொத்தத்தில் 2.5 மடங்கு. மார்பகப் புற்றில் மட்டும் எடுத்தால் ஐந்து மடங்குக்கும் மேல். எனவே சித்தியின் போன் எண்ணைக் கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள், பார்சல் உங்கள் வீட்டுக்கு வரட்டும். அட்டையையும் நோட்டீஸையும் எடுத்துவிட்டு நீங்கள் மறுபடி கட்டி அனுப்புங்கள். சித்தியே "கீமோவை விட்டுடலாமான்னு இருக்கு" என்று சொன்னால், பெரும்பாலும் அதற்குப் பின்னால் தாங்க முடியாத குமட்டலோ வாய்ப்புண்ணோ பணக் கவலையோ இருக்கும். அதைக் கேட்டு டாக்டரிடம் சொல்ல வையுங்கள். குமட்டலுக்கும் புண்ணுக்கும் மருந்து இருக்கிறது.

அவருக்குக் கல்லில் நிஜமாகவே நம்பிக்கை வந்துவிட்டால்? "இதைப் பிடிச்சா தூக்கம் வருது" என்றால் சந்தோஷப்படுங்கள், வாதாடாதீர்கள், ஃபிரெஞ்ச் சோதனையை எடுத்துச் சொல்லவும் வேண்டாம். சிகிச்சை தவறாமல் போகிறதா என்பது ஒன்றுதான் நமக்குக் கணக்கு. சில கிறிஸ்தவ சபைகளில் இந்த மாதிரிப் பொருள்களை விக்கிரகம் என்று ஒதுக்குவார்கள், அப்படிப்பட்ட நம்பிக்கை உள்ளவர் என்றால் கல்லை அனுப்பி அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க ஓரிரு விஷயம். ஓபலைட், செர்ரி குவார்ட்ஸ் என்ற பெயர்களில் வருவது கண்ணாடி. லென்ஸ் வைத்துப் பார்த்தால் உள்ளே உருண்டையான காற்றுக் குமிழ் தெரியும், இயற்கைக் கல்லில் அப்படி இருக்காது. குவார்ட்ஸ் கண்ணாடியைக் கீறும். பளிச்சென்ற நீலம், இளஞ்சிவப்பு அகேட் பெரும்பாலும் சாயம் ஏற்றியது. ஆறுதலுக்குக் கண்ணாடியும் போதும்தான், ஆனால் கல் விலை கொடுத்துக் கண்ணாடி வாங்குவானேன்?

அப்பாவின் தொழிலால் எனக்கு உறுத்துகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் அகேட், குவார்ட்ஸ் மணிகளை அறுத்து மெருகேற்றும் பழைய ஊர் குஜராத்தின் கம்பாத். அங்கே வீட்டுத் திண்ணையிலும் சின்னப் பட்டறையிலும் சக்கரத்தில் கல்லைத் தேய்ப்பவர்களுக்குச் சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் வருவது பல ஆண்டுகளாகப் பதிவான விஷயம். அந்த நோய்க்குக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. படிகச் சிலிக்கா தூசியைச் சுவாசிப்பது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-இலேயே முதல் வகுப்பில் வைத்துவிட்டது. மெருகேற்றிய கல்லைக் கையில் வைத்திருப்பவருக்கு இதனால் ஆபத்து எதுவும் இல்லை, மெருகேற்றியவருக்குத்தான். ஹீலிங் கிரிஸ்டல் பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரி இருந்து நான் பார்த்ததில்லை. புதிதாக வாங்காமல் இருக்க வழி இருந்தால் நல்லது. பாட்டியின் பழைய ஸ்படிக மாலையிலிருந்து ஒரு மணி, நீங்கள் சின்ன வயதில் சித்தியோடு போனபோது பொறுக்கிய கூழாங்கல், இப்படி ஏதாவது கிடைக்குமா என்று வீட்டில் தேடிப் பாருங்கள். ஆற்றுக் கூழாங்கல்லில் பலதும் குவார்ட்ஸ்தான். சித்திக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்கும், அந்த ஒன்று எந்தக் கடைக்கல்லிலும் வராது.

பெட்டியில் இடம் மிச்சமிருக்கும். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும், மெல்லிய பருத்தித் துணியில் ஒரு தொப்பி வையுங்கள். வாசனை இல்லாத லிப் பாம், நீளமான சார்ஜர் வயர் (கட்டிலுக்கும் பிளக்குக்கும் எப்போதும் தூரம்). சித்தப்பாவோ யாரோ, கூட இருக்கப் போகிறவருக்குக் கேன்டீன் செலவுக்குக் கொஞ்சம் பணம் அனுப்புங்கள். அட்டெண்டர் சாப்பிட்டாரா என்று யாரும் கேட்பதில்லை. அண்ணனுக்கும் ஒரு வேலை கொடுங்கள். மூடநம்பிக்கையை எதிர்க்கிறவர், ஒரு கீமோ நாளுக்காவது லீவு போட்டு சித்தியை வண்டியில் அழைத்துப் போய்க் கூட்டி வரட்டும்.

அனுப்பியபிறகு "கல்லை வச்சிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். தொலைத்திருக்கலாம், பக்கத்துக் கட்டில் பெண்மணிக்குக் கொடுத்திருக்கலாம். போன் செய்யும்போது என்ன சாப்பிட்டார், தூங்கினாரா, டிவியில் எந்த சீரியல் ஓடுகிறது என்று பேசுங்கள். முதல் கீமோ முடிந்த மூன்றாவது, நான்காவது நாள் போன் செய்தால் நல்லது. அதற்குள் மற்றவர்களின் விசாரிப்பு ஓய்ந்திருக்கும், உடம்புச் சோர்வு அப்போதுதான் ஏறும்.